பக்கீர் முகைதீன் வீட்டைவிட்டுப் போன நாள்

வீட்டைவிட்டுப் போய்விடுவது என்று பக்கீர் முகைதீன் முடிவெடுத்தார். முடிவு பெரியதுதான். அதில் ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. அந்த வீடு அவருடையதல்ல.

வீடு சுபைறாவுடையது. கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், அவளுடைய வாப்பா அவளுக்கென்று கட்டிக் கொடுத்த சீதன வீடு. எங்கள் கரையில் அதுதானே வழக்கம். ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டில் பிறக்கிறான். கலியாணத்தன்று மாப்பிள்ளையாகப் புறப்பட்டுப் பெண்சாதியின் வீட்டுக்குப் போகிறான். வாழ்நாளெல்லாம் உழைத்து முதலில் தங்கைக்கு ஒரு வீடு, பிறகு மகளுக்கு ஒரு வீடு கட்டுகிறான். கடைசியில் அவனுக்கென்று கிடைக்கிற நிலம் மையவாடியில் ஆறடி. அதற்கும் யாரும் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை.

பக்கீர் முகைதீன் இதையெல்லாம் அறியாதவரல்ல. முப்பது வருடமாக மறந்திருந்தார், அவ்வளவுதான்.

சங்கதி தொடங்கியது நெல்லில். சாகாமத்தில் அவருக்கு வயல் இருந்தது. அந்த வருடம் பெரும்போக வேளாண்மை நன்றாக விளைந்தது. எல்லோருக்கும் நன்றாக விளைந்ததால் நெல்லின் விலை படுத்துவிட்டது. விலை எழும்பும் வரை நெல்லும் படுத்திருக்கட்டும் என்று பக்கீர் முகைதீன் மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடல் பக்கத்து அறையில் கூரைவரை அடுக்கினார். அறையைப் பூட்டினார். சாவியை இடுப்பு வாரின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டிலேயே நல்ல அறை அது. கிழக்கே இரண்டு பெரிய ஜன்னல்கள். கடலில் இருந்து வருகிற காற்று முதலில் அந்த அறைக்குள் வந்து சுகம் விசாரித்துவிட்டுத்தான் மற்ற அறைகளுக்குப் போகும். இப்போது அது நெல் மூட்டைகளிடம் சுகம் விசாரித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

சுபைறாவுக்கு ஐம்பது முடிந்திருந்தது. அந்த வருடம் றமழானில் அவள் ஒரு நோன்பும் விடவில்லை. பெருநாள் கழித்து மற்றப் பெண்கள், சுகமில்லாத நாட்களில் விட்ட நோன்புகளைக் களாச் செய்து ஈடுகட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு நிறைவேற்ற ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மனைவிக்குப் பக்தி கூடிவிட்டது என்று பக்கீர் முகைதீன் தனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டார். மாறியது வேறொன்று என்பது அவருக்கு விளங்கவில்லை.

பிறகு கச்சான் வீசத் தொடங்கியது. மேற்கே வெட்டிக் கிடக்கிற வயல்வெளியெல்லாம் சுற்றிக் காய்ந்து வருகிற காற்று அது. துவைத்துப் போட்ட சாரன் கொடியில் ஏறிய கையோடு காய்ந்துவிடும். ஊருக்கு வெளியே ஒரு கச்சான் என்றால், சுபைறாவுக்குள்ளே இன்னொரு கச்சான். அது நெஞ்சில் தொடங்கும். கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். காது இரண்டும் சிவக்கும். அடுத்த நிமிடம் சட்டை நனைந்துவிடும். அவள் குசினிக்குப் போய் பிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பாள்.

"என்னத்தப் புள்ள தேடுறாய்?" என்று பக்கீர் முகைதீன் கேட்பார்.

"ஒண்டையும் தேடல்ல. நிக்கிறன்."

அவர் திரும்பிப் போவார். அடுத்த நாளும் வந்து அதையே கேட்பார்.

மறதியும் வந்தது. அவளுடைய போனைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அரிசி வாளிக்குள் அது அடிக்கிற சத்தம் கேட்டது. ஒருநாள் ஆணத்துக்கு இரண்டுதரம் உப்புப் போட்டுவிட்டாள். பக்கீர் முகைதீன் அதைச் சொன்னார். அவள் அழுதாள். அடுத்த நாள், புத்தி படித்தவராக, ஆணம் நன்றாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் இத்தனை காலமும் ஆக்கியது நன்றாக இல்லையா என்று கேட்டு அதற்கும் அழுதாள். மூன்றாம் நாள் அவர் வாயே திறக்கவில்லை. ஆக்கிப்போட்டவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா என்று அன்றைக்கும் ஏச்சு விழுந்தது.

கண்ணூறாக இருக்கும் என்று நினைத்து, ஓதி ஊதிய தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வந்தார். சுபைறா அதைப் பிரிஜ்ஜில் வைத்துக் குளிரக் குளிரக் குடித்துவிட்டு, நல்லா இருக்கிறது, நாளைக்கும் ஒரு போத்தல் கொண்டுவாருங்கள் என்றாள்.

இரவில்தான் உண்மையான போர். அவர் குளிர் தாங்காத உடம்புக்காரர். அவளுக்கோ ஃபேன் ஐந்தில் சுற்றினாலும் போதாது.

"புள்ள, ஃபேனக் கொஞ்சம் குறை" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"நீங்க போர்வையக் கொஞ்சம் கூட்டுங்க" என்று வெளியிலிருந்து பதில் போகும்.

மகள் ஹிமாயா ஒருநாள் வந்து உம்மாவைச் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த மருத்துவமாது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது நோயல்ல, மாதவிலக்கு நின்று வயது திரும்புகிற காலம், சில வருடம் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னாளாம். பருத்தி உடுப்பு உடுங்கள், காலையில் நடங்கள், முக்கியமாகக் காற்றோட்டமான இடத்தில் படுங்கள் என்றாளாம். அடுத்த நாளிலிருந்து சுபைறா சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஒழுங்கைப் பெண்கள் சிலரோடு கடற்கரையில் நடக்கத் தொடங்கினாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். வீட்டுக்குள் வந்து, பூட்டிய அறையைப் பார்த்ததும் மறுபடி சிவக்கும்.

"மச்சான்," என்றாள் ஒருநாள், "கடல் பக்கத்து அறையத் தாங்களன். ராவைக்கு ஒரு கண் நித்திர கொள்ளணும்."

"நெல்லு கிடக்கே புள்ள."

"அதுக்கு வேர்க்கிறல்லயே."

"கொஞ்சம் பொறு புள்ள. விலை ஏறட்டும்."

ஒரு கிழமை போனது. விலை ஏறவில்லை. சூடு ஏறியது. சாகாமத்து வாடியில் நெல்லை வைத்தால் என்ன என்று சுபைறா கேட்டாள். வயலுக்குக் காவல் இருக்கிறவர்கள் தங்குகிற குடிலைத்தான் வாடி என்போம். மற்றவர்களின் வாடி கம்பும் ஓலையும். பக்கீர் முகைதீனுடையது கல் வைத்துக் கட்டி, தகரம் போட்டது. அதைப் பற்றி அவர் ஊரெல்லாம் பெருமை அடித்திருந்தார்.

"வாடியில வெச்சா யானை வருமே புள்ள."

"யானை முட்டினாலும் அசையாதெண்டு நீங்கதானே சொன்னீங்க."

பக்கீர் முகைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்சம் பொறு புள்ள. விலை ஏறட்டும்."

மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. பக்கீர் முகைதீன் அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கலியாணமாகி முப்பது வருடமான ஒருவர் அப்படி எடுத்திருக்கக் கூடாது.

அவர் பகல் முழுக்க அந்த அறை வாசலில் சாய்மனைக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குப் போய்வருவார், சந்தித் தேநீர்க்கடைக்குப் போய்வருவார், மற்றபடி அசைய மாட்டார். கடைசியில் ஐந்தில் சுற்றிய ஃபேன்தான் அவரை அசைத்தது. தடிமன் பிடித்து, மூக்கடைத்து, குரல் போய்விட்டது. போன குரலை வைத்துக்கொண்டு தேநீர்க்கடையில் கூட்டாளி முகைதீன்பாவாவிடம் முறையிட்டார்.

முகைதீன்பாவா லொறி வைத்திருப்பவர். நிதானமான மனிதர். ஒருவர் கதையைப் பாதியில் வெட்டாமல் கேட்பவர். அன்றும் கேட்டார். பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார்.

"பக்கீரு, நீ ஊட்டிலேயே கிடக்காய். அதுதான் பிழை. ஒரு நாளைக்கு வெளிக்கிட்டுப் போ. நீ இல்லாத ஊடு எப்படி இரிக்குமெண்டு மதினிக்கு விளங்கட்டும்."

"போய்?"

"மறுகா உன்ட அருமை தெரிஞ்சு அவவே கூப்பிடுவா."

"எங்க போறது?"

"இதென்ன கேள்வி. ஒரு ஆம்புளைக்குப் போறத்துக்கு இடமா இல்ல?"

இந்தக் கேள்வியைப் பக்கீர் முகைதீன் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லாமல் போயிருக்கும். அவர் யோசிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் குசினி வாசலில் நின்று அறிவித்தார்.

"நான் ஊட்ட விட்டுப் போறன்."

ஏன் என்று அவள் கேட்பாள், அதற்குச் சொல்ல நீண்ட பதில் ஒன்றை அவர் வைத்திருந்தார்.

"எப்ப மச்சான்?" என்றாள் சுபைறா.

"இப்பவே."

"அப்ப திண்டுட்டுப் போங்க. பிட்டு ஆறிரும்."

கோபித்துக்கொண்டு போகிற ஆள் இரண்டாம்தரம் பிட்டுக் கேட்பது அழகல்ல. ஆனால் அன்றைக்குப் பார்த்து மீன் சொதி வாய்த்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது அவருடைய பை தயாராக இருந்தது. இரண்டு சாரன், பிரசர் குளிசை, தொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த தடித்த போர்வை.

"எப்ப வருவனெண்டு கேக்க மாட்டியா?"

"என்னத்துக்குக் கேக்கணும்? நீங்கதானே பொறு பொறு எண்டு பழக்கியிருக்கீங்க. பொறுக்கன்."

பக்கீர் முகைதீன் இடுப்பு வாரைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. நிம்மதியாக மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

முதலில் சாய்ந்தமருதுக்குப் போனார். தங்கை மர்ஷூதாவின் வீடு. ஒரு காலத்தில் அவருடைய உம்மாவின் வீடு அது. தங்கைக்குக் கலியாணம் பேசியபோது, பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்ப வாலிப வயதில் அவரே கல் சுமந்தார். ஆகவே உரிமையோடு உள்ளே போனார்.

மர்ஷூதா முன்வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஈரத் துவாய். முகம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை அவர் எங்கேயோ பார்த்திருந்தார்.

"உனக்குமா?" என்றார்.

"எனக்கும்தான் காக்கா. போன மாரியில தொடங்கின. வாங்க, இரிங்க."

மச்சினன் எங்கே என்று கேட்டார். அவர் இப்போது குசினிப் பக்கம் படுக்கிறார், முன்னறையில் ஃபேன் சுற்றினால் அவருக்குக் குளிருமாம் என்றாள் மர்ஷூதா. முன்னறை என்றால் பக்கீர் முகைதீன் சின்ன வயதில் படுத்த அறை. எட்டிப் பார்த்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. கடல் காற்று திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டிலில் ஒரே ஒரு தலையணை.

பகல் சோறு போடும்போது அவள் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காக்கா, மதினிக்கு அந்த அறையக் குடுத்திட்டீங்களா?"

"நெல்லு இரிக்கி புள்ள. விலை ஏறினதும்..."

மர்ஷூதா சோற்றுச் சட்டியின் மூடியை மெதுவாக மூடினாள். இரண்டாம்தரம் சோறு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. படுக்கிறதென்றால் குசினிப் பக்கம் மச்சினனுக்குப் பக்கத்தில் ஒரு பாய்க்கு இடமிருக்கிறது, ஆனால் அவர் இப்போது குறட்டை விடுகிறார் என்று தகவல் மட்டும் கிடைத்தது. பக்கீர் முகைதீன் பையைத் தூக்கினார்.

பெரிய தெருவில் ஏறியபோது பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. முகைதீன்பாவாவின் லொறி. படங்கு போட்டு மூடிக் கட்டிய பாரத்தோடு தெற்கே போனது. முகைதீன்பாவா உள்ளிருந்து கையைத் தூக்கினார். இந்த வெயிலிலும் உழைக்கிறான் மனிசன் என்று பக்கீர் முகைதீன் இரங்கி, பெரிதாக ஒரு ஸலாம் சொன்னார். லொறியின் பின்பக்கத்துக்கும் சேர்த்தே கையைக் காட்டினார்.

அடுத்தது நிந்தவூர். மருமகன் முஸ்தாக்குக்கு அங்கே வேலை என்பதால் மகள் ஹிமாயாவுக்கு அங்கேயே காணி வாங்கி வீடு கட்டிக் கொடுத்திருந்தார். இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் காசு. தங்கை வீட்டில் கிடைக்காத மரியாதை இங்கே கிடைக்காமல் போகுமா?

கிடைத்தது. ஹிமாயா வாப்பாவுக்குத் தேநீர் தந்தாள், ரொட்டி சுட்டுத் தந்தாள், தலையணைக்குப் புது உறை போட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிக்கிற ஆசிரியை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கூசாமல் சொல்லிக் கொடுப்பவள், வாப்பாவின் முன்னால் மட்டும் நிலத்தைப் பார்த்துக் கதைத்தாள்.

"எவ்வளவு நாளும் இரிங்க வாப்பா. இது உங்கட ஊடு."

இந்தச் சொல்லைக் கேட்கத்தானே அவர் இவ்வளவு தூரம் வந்தார். சாய்ந்து உட்கார்ந்தார்.

"உம்மாட கோவம் இறங்கட்டும் மனெ. மறுகா போறன்."

"அது கோவமில்ல வாப்பா. வயசு. உங்கட தல மயிர் கொட்டக்கொள்ள நாங்க உங்களோட கோவிச்சமா?"

பக்கீர் முகைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னொண்டு கேக்கன் வாப்பா. இந்த ஊடு கட்டக்கொள்ள கடல் பக்கம் ஏன் இத்தின ஜன்னல் வெச்சீங்க?"

அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இவ்வளவு ஜன்னல் எதற்கு, கம்பிச் செலவு கூடும் என்று மேசன் சொன்னார். காற்று இல்லாத வீட்டில் என் மகள் புழுங்கிச் சாகிறதா என்று இவர்தான் சண்டை பிடித்தார். ஒழுங்கையில் நின்று சண்டை பிடித்ததால் ஊருக்கே தெரியும்.

ஹிமாயா தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால் அவர் அங்கேயே தங்கியிருப்பார். ஏசாததால் தங்க முடியவில்லை. வயலை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, யாரும் கேட்காமலே காரணம் சொல்லி வெளிக்கிட்டார்.

சாகாமத்துக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. வாடி இருக்கிறது. எந்தப் பெண்ணுக்கும் சீதனமாகப் போகாத வாடி. அவருடைய கல், அவருடைய தகரம், அவருடைய கதவு. உலகத்தில் ஒரு ஆம்புளைக்கு ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது என்று கச்சான் காற்றுக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். காற்று வாய் நிறையப் புழுதி போட்டது.

பின்னேர அசர்த் தொழுகை தாண்டிய நேரம். வாடிக் கதவின் சங்கிலியைக் கழற்றித் தள்ளினார். கதவு கொஞ்சம் திறந்து, எதிலோ முட்டி நின்றது. தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார்.

நெல் மூட்டைகள். கீழே மரச்சட்டம் போட்டு, மேலே படங்கு விரித்து, கூரைவரை ஒழுங்காக அடுக்கிய நெல் மூட்டைகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பச்சை மையில் ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் போட்டவர் பக்கீர் முகைதீன்.

இடுப்பு வாரைத் தொட்டுப் பார்த்தார். சாவி பத்திரமாக இருந்தது.

பக்கத்து வாடிக் காவல்காரர் எழும்பி வந்தார். பகலில் லொறி இரண்டு நடை வந்து இறக்கியதாகவும், முதலாளி பின்னேரம் காவலுக்கு வருவார் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார். பக்கீர் முகைதீன் போனை எடுத்தார். வீட்டைவிட்டுப் போனவர் முதலில் அழைக்கக் கூடாது என்பது முகைதீன்பாவாவின் உபதேசம். அந்த உபதேசத்தின் பேரில் அவருக்கு இப்போது அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

"புள்ள, நெல்லு இங்க கிடக்கு."

"ஓம் மச்சான். ஒரு மூட்டையும் குறையாது."

"அறைச் சாவி என்ட்ட இரிக்கி."

"வாப்பா இந்த ஊட்டுக்கு வாங்கின பூட்டுக்கெல்லாம் சாவி ரெண்டு. ஒண்டு மாப்புளட்ட. ஒண்டு ஊட்டுக்காறிட்ட."

"யானை வந்தா?"

"முட்டினாலும் அசையாதெண்டீங்களே மச்சான்" என்றாள் சுபைறா. அவளுடைய குரலுக்குப் பின்னால், வெகு காலத்துக்குப் பிறகு, ஜன்னல் திரை படபடக்கிற சத்தம் கேட்டது.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூட்டைகளுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவு இடம் இருந்தது. தடித்த போர்வை தலையணையானது. பகல் முழுக்கத் தகரம் குடித்த வெயில் மெதுமெதுவாக அவர் மேல் இறங்கியது. சூடு நெஞ்சில் தொடங்கியது. கழுத்து வழியாக முகத்துக்கு ஏறியது. பெனியன் நனைந்தது. துவாயை வாளித் தண்ணீரில் தோய்த்துத் தலையில் போட்டுக்கொண்டார். அது காய்ந்தது. மறுபடி தோய்த்தார். குளப் பக்கமிருந்து ஏதாவது முறிகிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, ஒரு பிரிஜ்ஜின் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் சும்மா நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இது ஒரு இரவு. அவளுக்கு எத்தனை இரவு? கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

விடிந்ததும் முதல் வேலையாக மில்காரரை அழைத்து, அன்றைய விலைக்கே நெல்லைக் கொடுத்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்தார். அறையை நானே உனக்குத் தருகிறேன் என்று தொடங்குகிற பேச்சு. எடுத்துக்கொண்டுவிட்ட ஒன்றை எப்படித் தருவது என்கிற இடத்தில்தான் அது கொஞ்சம் இடறியது.

சந்தித் தேநீர்க்கடை முன்னால் அவரை மறித்தார்கள். அவர் பயந்தது போல யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கோபமாக இருந்தார்கள். பெண்சாதிக்குச் சுகமில்லை என்று பக்கீர் முகைதீன் தன் கையாலேயே அறையைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு, தான் வயலில் போய்க் காவல் படுத்தார் என்ற செய்தி நேற்று அசருக்கே ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. கடற்கரையில் நடக்கிற பெண்கள் அதைச் சுபஹுக்குப் பிறகு மறுபடி ஒருதரம் பரப்பியிருந்தார்கள். தையற்கடைக்காரரின் மனைவி, மெசின் வைத்திருக்கிற முன்னறையைக் கேட்கிறாளாம். இன்னொருவரின் புறாக்கூட்டை மேல்மாடியிலிருந்து இறக்கச் சொல்லி உத்தரவாம். நீ நல்ல பேர் எடுக்கிறதுக்கு நாங்களா கிடைத்தோம் என்று கேட்டார்கள்.

இல்லை, நான் கொடுக்கவில்லை, அவள் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லலாம். சொன்னால் அது அவருடைய மரியாதைக்கு நல்லதா? பக்கீர் முகைதீன் தலையை ஆட்டி, அந்தப் புகழை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். அப்போதுதான் சுபைறா தனக்கு எதை மிச்சம் வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. மூட்டைகளை அவர் கண்முன்னால் தூக்கியிருந்தால் ஒழுங்கையே வேடிக்கை பார்த்திருக்கும்.

முகைதீன்பாவா ஒரு மூலையில் பிளேன்டீயோடு இருந்தார்.

"போகச் சொன்னது நீதானே?" என்று பக்கீர் முகைதீன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் எங்க சொன்ன? மதினி என்ட ஊட்டுக்காறிட்டச் சொன்னா. அவ என்னட்டச் சொன்னா. நான் உன்னட்டச் சொன்னன்."

"நீயெல்லாம் ஒரு கூட்டாளி."

"என்ன ஏசாத பக்கீரு. உனக்கு ஒரு ராவுதான் வெளிய. நான் போன வருசத்திலிருந்து லொறியிலதான் படுக்கன்."

வீட்டுக்கு வந்தார். சத்தமில்லை. கடல் பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. நெல் கிடந்த நிலம் கழுவித் துடைத்துக் கிடந்தது. இரண்டு ஜன்னல்களும் விரிந்திருக்க, திரைகள் கூரையைத் தொடப் பார்த்தன. ஜன்னலோரக் கட்டிலில், இந்தப் பத்து மணி வெயில் நேரத்தில், சுபைறா நித்திரை கொண்டிருந்தாள். முடி காற்றில் பறந்து முகத்தில் விழுந்திருந்தது. அதை விலக்கக்கூட எழும்பாத நித்திரை. அவள் அப்படித் தூங்கி அவர் பார்த்து எத்தனையோ மாதம்.

தயாரித்து வந்த பேச்சை அவர் மறந்துவிட்டார். சாய்மனைக் கதிரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். தும்மல் வந்தது. அடக்கினார். இன்னொன்று வந்தது. அதை வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்.

அவள் கண் விழித்தபோது கையில் தேநீரோடு நின்றார். சீனி கூடிப்போன, சூடு ஆறிப்போன தேநீர். சுபைறா எழும்பி உட்கார்ந்து குடித்தாள். அது நன்றாக இருக்கிறதென்று சொன்னாள். முகம் சிவக்கவில்லை.

"நெல்ல வித்திட்டன் புள்ள."

"விலை ஏறிச்சா?"

"இல்ல."

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு. பக்கீர் முகைதீனுக்குத் தைரியம் வந்தது. கட்டிலைப் பார்த்தார். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். தலையணையைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. ஜன்னலைப் பார்த்தார். கடல் காற்று அவருடைய வழுக்கையைத் தொட்டு, ஒரு இரவு வாடிச் சூட்டை மெல்ல இறக்கியது.

"இங்க நல்ல காத்து, என்ன?" என்றார்.

"ஓம் மச்சான். அருமையான காத்து."

"கட்டிலும் பெரிசு."

"ஓம். ரெண்டு பேருக்குக் காணும்."

"அப்ப என்ட தலையணையையும்..." என்று அவர் தொடங்கினார்.

சுபைறா வெறும் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். சூடு இறங்கட்டும்."